ஈரல் சொன்ன செய்தி

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்த செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இறைச்சியா, காய்கறியா? இதில் மூன்று செய்திகள்: புற்றுநோய், இரத்தம், இதயம். முதல் செய்திக்கு ஒரு பழமொழி: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிடுவோர், வெந்தபின் எடை வாரத்துக்கு 500 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கருகவும் விடாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

அடுத்தது இரத்தம். கொடிய இரத்தசோகை ஒன்று இருந்தது. முகம் வெளிறும், நாக்கு புண்ணாகி வழவழப்பாகும், கால் மரத்துப்போகும், கடைசியில் உயிரே போகும். அந்நாளில் அதற்கு மருந்தே கிடையாது. 1926இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மினாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் 45 நோயாளிகளுக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஈரல்! ஒருநாள் இருநாள் அல்ல, தினமும், கை நிறைய. இரண்டே வாரத்துக்குள் புதிய சிவப்பணுக்கள் பெருகின. சாகக் கிடந்தவர்கள் எழுந்தார்கள். 1934இல் நோபல் பரிசு வந்தது. ஈரலுக்குள் ஒளிந்திருந்த பொருளைப் பிரித்தெடுக்க 1948 வரை ஆனது. அதுதான் வைட்டமின் பி12, இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய சத்து.

காய்கறியில் அது இல்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியை நம்பாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்கு உதவாத போலி வடிவம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். உடம்பின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் குறை வெளியே தெரிவதில்லை. ஃபோலிக் அமிலம் என்ற இன்னொரு பி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் இரத்தசோகை மறைந்துவிடும், ஆனால் பி12 குறை தீராது; நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெடும். பால், முட்டை சாப்பிடுவோருக்குக் கொஞ்சம் கிடைக்கும்; அதையும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ கட்டாயம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோருக்கும், வயிற்று அமிலம் குறைந்த முதியோருக்கும், இறைச்சி சாப்பிட்டாலும் குறையலாம்.

இதயத்துக்கு நேரமில்லை, மன்னியுங்கள். முன்வரிசை மருத்துவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: சர்க்கரை, கொழுப்பு பார்க்க இரத்தம் எடுக்கும்போது, பி12 குறையக்கூடிய இவர்களுக்கெல்லாம் அதன் அளவையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். முடிவு எல்லைக்கோட்டில் நின்றால் பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்துக்கான பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கால் மரத்தபின் தொடங்கும் சிகிச்சையில் நரம்பு முழுதாகத் திரும்பாமலே போகலாம்.