கஅபா: தொழுகையின் திசை, ஹஜ்ஜின் மையம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

முஸ்லிம்கள் கஅபா எனும் கட்டடத்தை வணங்குகிறார்கள் என்ற எண்ணம் நம் அக்கம்பக்கத்தாரில் சிலரிடம் இன்றும் இருக்கிறது. அவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. ஏக இறைவன் ஒருவனையே வணங்குகிறோம். அவ்வணக்கத்தில் அனைவரும் ஒருமுகமாய் நிற்பதற்கு அவன் வகுத்த திசையே, அதாவது கிப்லாவே, மக்காவின் புனிதப் பள்ளிவாசலான மஸ்ஜிதுல் ஹராமில் உள்ள கஅபா.

மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து, அதாவது இடம்பெயர்ந்து, மதீனா வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 16 அல்லது 17 மாதங்கள் ஜெருசலேமின் புனிதத் தலமான பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் முகத்தைத் திருப்புமாறு திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் கட்டளையிட்டது. அதே அத்தியாயத்தின் 177ஆம் வசனமோ, முகங்களைக் கிழக்கிலோ மேற்கிலோ திருப்புவது மட்டுமே புண்ணியமாகிவிடாது என்று கூறி, இறைநம்பிக்கையையும், அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பொருள் வழங்குவதையும் புண்ணியமாக எண்ணிச் சொல்கிறது. இவ்விரு வசனங்களையும் சேர்த்தே ஓத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாம் வணங்குவது கட்டடத்தை அல்ல என்பதையே அதன் வரலாறும் உணர்த்துகிறது. நபித்துவத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு மக்காவின் குறைஷிக் குலத்தார் கஅபாவைப் புதுப்பித்தபோது, தூய வழியில் ஈட்டிய பொருள் போதாமல் ஹத்தீம் எனும் பகுதியைச் சுவருக்கு வெளியே விட்டார்கள். கி.பி. 683இல் மக்கா முற்றுகையிடப்பட்டபோது கஅபா தீக்கிரையானது. 1630இல் பெருவெள்ளம் சுவர்களைச் சரித்தது. 930இல் கராமிதாக்கள் எனும் கிளர்ச்சிப் பிரிவினர், கஅபாவின் மூலையில் பதிக்கப்பட்டிருந்த ஹஜருல் அஸ்வத் எனும் கருங்கல்லையே பெயர்த்துச் சென்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மிடம் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும் இடையில் தொழுகையின் திசை மாறவில்லை. அக்கல்லை முத்தமிட்ட, நபித்தோழரும் இரண்டாம் கலீஃபாவுமான உமர் (ரலி) அவர்கள், "நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத ஒரு கல் என்பதை நான் அறிவேன், நபியவர்கள் உன்னை முத்தமிடக் கண்டிராவிட்டால் நானும் முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

வாழ்நாளெல்லாம் தொலைவிலிருந்து முகம் திருப்பிய இடத்துக்கு ஹஜ்ஜில் கால்நடையாகவே நெருங்கிச் செல்கிறோம். நம் ஊர்ப் பள்ளிவாசலில் நேர்கோடாக நிற்கும் ஸஃப்பு, அதாவது தொழுகை வரிசை, அங்கே வட்டமாகிறது. எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் நோக்கியபடியே எல்லோரும் ஒரே கிப்லாவை நோக்குகிறார்கள். இடத் தோள் கஅபாவின் பக்கம் இருக்க கஅபாவை ஏழு முறை சுற்றிவரும் தவாஃப். பின்னர், தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையாரை நினைவுகூர்ந்து ஸஃபா, மர்வா எனும் குன்றுகளுக்கு இடையே நடந்து செல்லும் ஸஃயீ.

ஆனால் ஹஜ்ஜின் உச்சமான துல்ஹஜ் 9ஆம் நாளில் ஹாஜிகள் கஅபாவின் அருகில் இருப்பதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ஹஜ் என்பதே அரஃபாதான்" என்பது நபிமொழி. மக்காவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரஃபா எனும் அவ்வெட்டவெளியில் தங்கத் தவறியவருக்கு அவ்வாண்டின் ஹஜ் இல்லை. அங்கேயும் கிப்லாவை முன்னோக்கியே துஆ எனும் பிரார்த்தனை கேட்கிறார்கள்; வழியிலுள்ள தங்குமிடங்களான முஸ்தலிஃபாவையும் மினாவையும் கடந்து மக்கா திரும்பி வந்து, ஹஜ்ஜின் கட்டாயத் தவாஃபான தவாஃபுல் இஃபாளாவை நிறைவேற்றும்வரை அவர்களின் ஹஜ் முழுமை பெறுவதில்லை.