12 வெள்ளிக் கிழங்கு முளைத்துவிட்டது!

வணக்கம் மக்களே! இன்றைக்கு மிளகாய்ச் செடி வீடியோ என்று சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும். இந்தச் சட்டியைப் பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். கிளிமூக்கு மாதிரி பச்சையாக ஒரு முளை, தெரிகிறதா? காலையிலிருந்து இதை ஆறு தடவை பார்த்துவிட்டேன்.

போன மாதம் கேமரன் மலையிலிருந்து கல்லா லில்லிப் பூச்செடியின் கிழங்கு மூன்று வாங்கி வந்தேனே, அதில் மிஞ்சியது இதுதான். ஒன்று 12 வெள்ளி, அதாவது 12 மலேசிய ரிங்கிட்! அந்தக் காசுக்கு நம் சுங்கை சிப்புட்டில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டு, மோர் மிளகாய் இன்னொன்று கேட்டிருக்கலாம். மூன்றுக்கு 36. ஒரு வெள்ளி குறையுங்கள் என்றேன், கடைக்காரர் சிரித்தார், அவ்வளவுதான். பேர்தான் கல்லா லில்லி, காலியானது என் கல்லா.

இரண்டு அழுகிப் போயின. மண்ணைக் கிளறினால் குப்பென்று நாற்றம், தொட்டால் கூழ். தப்பு என்னுடையதுதான். தென்னாப்பிரிக்காவில் சதுப்பில் வளரும் செடி என்று படித்துவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சதுப்பில் நிற்பது வெள்ளைப் பூ வகை. நான் வாங்கியது மஞ்சள். கலர் வகைகளுக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது. நம் ஊர்ச் சூட்டில் ஈரமும் சேர்ந்தால் அழுகல் பாக்டீரியாவுக்குத் தீபாவளிதான்.

மூன்றாவதில் அழுகின பக்கத்தை வெட்டி எறிந்து, கரித்தூள் தடவி, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்: வெட்டும் முன்னே கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அப்புறம் தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்து, முளைக்கண் மேலே பார்க்கிற மாதிரி இரண்டு அங்குல ஆழத்தில் நட்டேன். இப்போது மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, “கெலாடிக்கா 12 வெள்ளி கொடுத்தே? எங்க தோட்டத்துல கால்வாய் ஓரமா சும்மா கிடக்கும்” என்றார். கெலாடி என்றால் மலாயில் சேம்பு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இது லில்லியே இல்லை, சேம்புக் குடும்பம். வெட்டும்போது எனக்குக் கை அரித்தது. ஆமாம், கையுறை! அதையும் சொல்லவில்லை பாருங்கள். சேம்பு என்றதும் குழம்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துபோகும்.

சரி, மழை தூறுகிறது. சட்டியை உள்ளே வைக்கிறேன், மிளகாய் நாளைக்கு.