ஐவர்மெக்டின் போட்டா நாட்பட்ட சோர்வு போகுமா?

[திரையில்: ஒரு மாத்திரை அட்டை. பக்கத்தில் மாட்டுக்குப் போடும் ஊசி மருந்து பாட்டில்.]

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் இருக்கிற சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. கோவிட் வந்து போனதுல இருந்து உடம்புல தெம்பே இல்ல, ரத்த ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு வருது. கோயில்ல பார்த்த ஒருத்தர், "ஐவர்மெக்டின் போட்டுப் பாரு தங்கச்சி, எனக்கு மூணே நாள்ல சரியாச்சு"ன்னு சொல்லியிருக்கார். போடலாமா?

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஐவர்மெக்டின் ஒரு புழு மருந்து. அதுக்கு அடங்குற புழு உடம்புல இருக்குன்னு சோதனையில தெரிஞ்சா, டாக்டர் சொல்ற அளவுல போடுங்க. வெறும் சோர்வுக்குன்னா வேணாம்.

மருந்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஜப்பான்ல சதோஷி ஓமுரா ஒரு மண் மாதிரியில கண்டெடுத்த நுண்ணுயிர்ல இருந்து வந்தது இது. மெர்க் கம்பெனியில வில்லியம் கேம்பல் அதை மருந்தாக்கினார். 1981-ல மாட்டுக்கும் ஆட்டுக்கும் விற்பனைக்கு வந்துச்சு. 1987-ல ஆப்பிரிக்காவோட ஆத்தோரக் கிராமங்கள்ல கண்பார்வையைப் பறிக்கிற புழு நோய்க்கு, மெர்க் இதை இலவசமாக் கொடுக்க ஆரம்பிச்சது. 2015-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

புழுவோட நரம்புல ஒரு வாசல் இருக்கு. இந்த மருந்து அதைத் திறந்து விட்டுடும், புழு செயலிழந்து போயிடும். அதே வாசல் மனுஷனுக்குக் கிடையாது. ஆனா அந்த வாசலுக்கு உறவுக்காரங்க மாதிரி சிலது நம்ம மூளையில உண்டு. மருந்து உள்ள போகாம மூளையோட எல்லையில ஒரு பம்ப் அதை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. அளவு மிஞ்சினா அந்த பம்ப் தோத்துடும். தலைசுத்தல், தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும்.

சரி, புழு மருந்து எப்படி சோர்வுக்கு வந்துச்சு? கோவிட் வழியாத்தான். 2020 ஏப்ரல்ல ஆஸ்திரேலியாவோட மொனாஷ் பல்கலைக்கழகம், ஆய்வகத் தட்டுல கோவிட் வைரஸை இது அடக்குதுன்னு சொன்னாங்க. அந்தத் தட்டுல ஊத்தின செறிவு, வழக்கமான மாத்திரை அளவால மனுஷ ரத்தத்துல வரவே வராது. அதை யாரும் காதுல வாங்கல. இங்க தென்னாப்பிரிக்காவுல அப்போ மனுஷன் முழுங்குற ஐவர்மெக்டின் மாத்திரைக்குப் பதிவே கிடையாது. கள்ளச் சந்தையில ஓடுச்சு. 2021 ஜனவரியில மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் சாப்ரா, கட்டுப்பாட்டோட கோவிடுக்குக் கொடுக்க அனுமதிச்சது. 2022 மே மாசம் அந்தத் திட்டத்தை முடிச்சிட்டாங்க. பலன் இருக்குன்னு நம்பகமான ஆதாரம் வரலங்கிறதுதான் காரணம். பிரேசில்ல 1,358 பேரை வச்சு நடந்த டுகெதர் ஆய்வுல, ஆஸ்பத்திரியில சேர்றது இதனால குறையல. பிரிட்டன்ல நடந்த பிரின்சிபிள் ஆய்வு ஒரு வருஷம் வரைக்கும் ஆளுங்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. நோய் ரெண்டு நாள் முன்னாடி விட்டுச்சு, அவ்வளவுதான். நீண்ட காலத்துக்குன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.

"அது கோவிடுக்கு, எனக்கு இருக்கிறது சோர்வு"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எம்.ஈ / சி.எஃப்.எஸ்-னு சொல்ற நாட்பட்ட சோர்வு நோய்ல ஆறு மாசத்துக்கு மேல தெம்பு இல்லாம போகும், தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராது. முக்கியமா, கொஞ்சம் கூடுதலா வேலை செஞ்சா உடனே இல்லாம ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு ஆளைச் சாய்ச்சுடும். ஏத்த இறக்கம் இதோட சுபாவம். அதனாலதான் "எனக்கு வேலை செஞ்சுச்சு"ங்கிற சாட்சியம் இங்க ஏமாத்தும்.

[திரையில்: இரண்டு பட்டைகள். 26, 35.]

நார்வேயில நடந்ததைப் பாருங்க. ரிட்டுக்ஸிமாப்னு வேற ஒரு மருந்து, புற்றுநோய்க்குக் கொடுக்கிறது. 2011-ல 30 சோர்வு நோயாளிகள்ல பாதிப் பேருக்கு அதைக் கொடுத்தாங்க. மருந்து வாங்கின 15 பேர்ல 10 பேருக்கு முன்னேற்றம், போலி ஊசி வாங்கின 15 பேர்ல ரெண்டே பேருக்கு. உலகம் பூரா நோயாளிங்க நம்பிக்கையோட காத்திருந்தாங்க. அப்புறம் அதே டாக்டருங்க 151 பேரை வச்சு முறையாப் பண்ணி, 2019-ல முடிவை வெளியிட்டாங்க. மருந்து வாங்கினவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். போலி வாங்கினவங்கள்ல 35 சதவீதம்! வெறும் தண்ணி மாதிரி ஒண்ணை ஏத்திக்கிட்டவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல தேறியிருக்காங்க. அவங்க பொய் சொல்லல, நிஜமாவே தேறினாங்க. மருந்தால இல்ல, அவ்வளவுதான். கோயில்ல பார்த்த அந்த அண்ணனும் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

ஐவர்மெக்டினுக்கு இந்த நோய்ல அந்த அளவுக்குக் காட்ட ஒரு ஆய்வுகூட இதுவரைக்கும் இல்ல.

"போட்டுப் பார்த்தா என்ன நஷ்டம்?" நான் பயப்படுற நஷ்டம் வேற. மாத்திரை போட்ட மூணாம் நாள் கொஞ்சம் தெம்பா இருக்கு. மருந்து பிடிச்சிடுச்சுன்னு நினைச்சு, தைப்பூசத்துக்கு வெயில்ல காவடி கூட நடந்துட்டு வருவீங்க. ரெண்டு நாள் கழிச்சு படுத்த படுக்கை. அதுல இருந்து எழ மாசக்கணக்கா ஆனவங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு, கோ-ஆப் கடையில விக்கிற மாட்டு மருந்து. ஒரு சதவீத ஊசி மருந்துல ஒரு டீஸ்பூன் எடுத்தா 50 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குப் புழுவுக்குன்னு டாக்டர் கொடுக்கிறது சுமார் 12 மில்லிகிராம், அதுவும் பெரும்பாலும் ஒரு தடவை. நம்மாளுங்க வாரக்கணக்கா தினமும் குடிக்கிறாங்க. தயவுசெஞ்சு அந்த பாட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்க மாத்திரையா இருந்தாலும் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது, ரத்தம் ரொம்ப நீர்த்துப் போயிடலாம்.

ஆனா ஒரு விஷயத்துல அந்த அண்ணன் பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கு. புழுவும் சோர்வு தரும். சின்ன வயசுல குவாசூலு-நட்டால் ஆத்துல குளிச்சு விளையாடினவங்களுக்கு பில்ஹார்சியாங்கிற புழு நோய் இருக்கலாம். அதுக்கு மருந்து பிராசிகுவான்டெல், ஐவர்மெக்டின் அதை ஒண்ணும் பண்ணாது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி இரும்புச்சத்தைக் குறைச்சுடும், அதுக்கும் முதல்ல கொடுக்கிறது ஆல்பென்டசோல்தான். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு, அதுக்குத்தான் ஐவர்மெக்டின் நிஜமாவே முதல் மருந்து. ஸ்டீராய்டு எடுக்கிறவங்க உடம்புல அது இருந்தா உயிருக்கே ஆபத்து. எந்தப் புழுன்னு தெரியாம மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாதுன்னு இதுலயே புரியும்.

அதனால அக்கா, அடுத்த தடவை கிளினிக் போறப்போ மல சோதனையும், பில்ஹார்சியாவுக்கு சிறுநீர் சோதனையும் கேளுங்க. கூடவே ஹீமோகுளோபின், உடம்புல இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின், தைராய்டு, நம்ம ஆளுங்களை விடாம துரத்துற சர்க்கரை, டி.பி. இதுல எதெது ஏற்கனவே பார்த்தாச்சுன்னு தெரிய, "எல்லாம் நார்மல்"னு சொன்ன அந்தப் பழைய ரிப்போர்ட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க.