எந்த நாட்டு விமானி கெட்டிக்காரர்?

நேயர்களுக்கு வணக்கம்.

எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்துவிட்டால் போதும், அஸ்தம்பட்டி டீக்கடை தொடங்கி ஏற்காடு பஸ் வரைக்கும் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், நீங்க ஏர்போர்ஸ்ல இருந்தவரு. நம்ம பைலட் பெரிய ஆளா, அவங்க பைலட் பெரிய ஆளா? இஸ்ரேல்காரங்கதான் நம்பர் ஒன்னுன்னு சொல்றாங்களே, நெசமா?"

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. தரையில், ரேடார் அறையில் வேலை பார்த்தவன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். நாற்பது வருஷமாகப் படித்தும் கேட்டும் யோசித்தும் வருகிற விஷயம் அது. இன்றைக்கு நிலையத்தார் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிப் பார்க்கிறேன்.

பையன்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் எடுத்துப் போடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தினார். சோவியத்தின் இவான் கொழெதூப் 62. அமெரிக்காவின் ரிச்சர்ட் பாங் 40. அப்படியானால் ஜெர்மன் விமானி அமெரிக்கரைவிட ஒன்பது மடங்கு கெட்டிக்காரரா?

கொஞ்சம் பொறுங்கள். ஹார்ட்மன் 1942 அக்டோபரில் ரஷ்ய முனைக்குப் போனவர். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடையும் நாள் வரைக்கும் பறந்தார். 1,400 தடவைக்கு மேல் போருக்குக் கிளம்பியவர். அமெரிக்க விமானி குறிப்பிட்ட காலம் சண்டை போட்டதும் ஊருக்கு அனுப்பப்படுவார். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தினம் நாலு நடை பஸ் ஓட்டுகிறவரையும், கோயம்புத்தூர் நாலு வழிச் சாலையில் லாரி ஓட்டுகிறவரையும், 'யார் அதிகம் வளைவு திருப்பினார்' என்று எண்ணிப் பார்த்து மார்க் போட முடியுமா? ஹார்ட்மனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 352 என்பது அவருடைய கை மட்டும் போட்ட கணக்கில்லை, காலமும் இடமும் சேர்ந்து போட்ட கணக்கு என்கிறேன்.

கணக்கே சரிதானா என்பது அடுத்த கேள்வி. 1940 செப்டம்பர் 15, லண்டனுக்கு மேலே பெரிய சண்டை. அன்றைக்கு 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்திவிட்டோம் என்று பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மன் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 60. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூன்று பேரும் தன் கணக்கில் எழுதியிருப்பார்கள். எந்த நாட்டு எண்ணிக்கையைப் பார்த்தாலும் எதிராளியின் இழப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் நாட்டுக் கணக்கானாலும் அப்படித்தான்.

நம் கணக்கு என்றதும் போய்ரா ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1971 நவம்பர் 22. போர் முறைப்படி தொடங்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. மேற்கு வங்க எல்லையில் போய்ரா பக்கம் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் வந்து நம் படைகளைத் தாக்குகின்றன. காலையிலும் வந்தன. கல்கத்தா டம்டமிலிருந்து நம் 'நாட்' என்ற சிறிய போர் விமானங்கள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் அவை திரும்பிவிட்டன. பிற்பகல் மூன்று மணிவாக்கில் மறுபடியும் வந்தன. இந்தத் தடவை நாலு நாட் விமானங்கள். மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்று நாலு இளைஞர்கள். சில நிமிடச் சண்டை. நம் தரப்பில் ஒரு விமானமும் விழவில்லை. மூன்று சேபர் விழுந்தது என்று நாம் சொன்னோம். மூன்றாவது அடிபட்டாலும், அன்றைக்குப் பாகிஸ்தான் வசமிருந்த டாக்காவுக்குத் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. இரண்டு விமானிகள் பாரசூட்டில் குதித்து நம்மிடம் பிடிபட்டார்கள். அதில் சந்தேகமே இல்லை.

இந்தச் சண்டையைச் சொல்கிறவர்கள் நாலு பேரைச் சொல்வார்கள். நான் ஐந்தாவது ஆளையும் சேர்த்துச் சொல்வேன். ரேடார் முன்னால் உட்கார்ந்து, 'இன்ன திசை, இன்ன உயரம்' என்று அந்த நாலு பேரையும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியவர் பாக்சி என்ற இளம் அதிகாரி. அவருடைய குரல் சில நிமிடம் பிந்தியிருந்தால் காலையில் நடந்ததுதான் பிற்பகலிலும் நடந்திருக்கும். ரேடார் அறையில் இருந்தவன் என்பதால் சொல்லவில்லை. விமானியின் திறமை என்று நாம் சொல்வதில் பாதி, தரையிலிருந்து அவர் காதில் விழுகிற குரல்.

பிடிபட்ட இரண்டு பேரில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. அவரே 1997-இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்திய லாசரஸ் வாழ்த்துக் கடிதம் எழுதினார். தளபதியிடமிருந்து நன்றி சொல்லிப் பதிலும் வந்தது. இந்த இடத்தில் யார் கெட்டிக்காரர் என்று கேட்பீர்கள்? ஒரு நாள் விழுந்தவர்தான் ஒரு நாட்டின் விமானப்படைக்கே தலைவரானார்.

சரி, எண்ணிக்கை வேண்டாம் என்றால் எதை வைத்து ஒப்பிடுவது? நான் பார்க்கிறது ஒன்றைத்தான். அந்த நாட்டின் தலைசிறந்த விமானியை விடுங்கள். நேற்றுப் பயிற்சி முடித்து வந்த பையன் எப்படிப் பறக்கிறான்? அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஜப்பானைப் பாருங்கள். 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அவர்களுடைய கடற்படை விமானிகள் உலகத்தில் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. சீனாவில் சண்டை போட்ட அனுபவம். சல்லடை போட்டுச் சலித்து எடுத்த ஆட்கள். ஆனால் அந்த அனுபவசாலிகளைச் சாகிற வரைக்கும் முன்னணியிலேயே வைத்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லை, பறந்து பழகப் பெட்ரோலும் இல்லை. 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் சண்டை. இரண்டே நாளில் 300-க்கு மேற்பட்ட விமானங்கள் போயின. அந்த விமானங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பப்பட்ட பிள்ளைகள். ஜெர்மனியிலும் கடைசி இரண்டு வருஷம் அதே கதை. ஒரு பக்கம் ஹார்ட்மன் இருந்தார், மறுபக்கம் தரையிறக்கவே தடுமாறிய புதுப் பையன்கள் இருந்தார்கள்.

அமெரிக்கா, முன்னே சொன்ன ரிச்சர்ட் பாங்கை என்ன செய்தது? 28 விமானங்களை வீழ்த்திய மனிதர். நாட்டிலேயே முதலிடம். அவரை 1944-இல் ஊருக்கு வரவழைத்து, துப்பாக்கி சுடும் வகுப்பில் உட்கார வைத்தார்கள்! கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் திரும்பிப் போனார். போன இடத்தில் சண்டையும் போட்டார், எண்ணிக்கை 40 ஆயிற்று. முதலிடத்தில் இருக்கிறவரை வகுப்பில் உட்கார வைக்கிற விமானப்படையைக் கண்டால்தான் எனக்கு மரியாதையும் வருகிறது, பயமும் வருகிறது.

அந்த அமெரிக்காவே இந்தப் பாடத்தை மறந்தது. வியட்நாமில் 1968 வரைக்கும் அவர்களுடைய கடற்படை, தன் பக்கம் ஒன்று விழுந்தால் எதிரியிடம் இரண்டு என்ற கணக்கில்தான் சண்டை போட்டது. எதிரே வட வியட்நாமின் சிறிய மிக் போர் விமானங்கள், தங்கள் ஊருக்கு மேலேயே பறந்த இளைஞர்கள். ஏவுகணை வந்தாயிற்று, இனி நெருங்கிச் சண்டை போடவே வேண்டாம் என்று நினைத்து அந்தப் பயிற்சியைக் கைவிட்டிருந்தார்கள். ஆல்ட் என்ற கடற்படை அதிகாரி என்ன கோளாறு என்று துருவித் துருவி ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 1969-இல் கலிபோர்னியாவின் மிராமரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஆசிரியர்கள் சிறிய விமானங்களில் ஏறி மிக் மாதிரியே பறந்து காட்டினார்கள். அங்கே படித்தவர் தன் படைப்பிரிவுக்குத் திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, அவர்களே போட்ட கணக்கில், ஒன்றுக்குப் பன்னிரண்டு. பெரும்பாலும் அவர்கள் முன்பு ஓட்டிய அதே பேண்டம் விமானம், அதே மிக், அதே அமெரிக்கப் பையன்கள். மாறியது வாத்தியார்தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மாறியது வாத்தியார்தான்.

தைரியத்தில் எந்த நாட்டுக்காரரும் குறைந்தவர் இல்லை. 1982-இல் பாக்லாந்துத் தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு நடந்த போரில் பிரிட்டனின் சீ ஹாரியர் போர் விமானங்கள் 20 விமானங்களை வீழ்த்தின. வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அர்ஜென்டினாக்காரர்களுக்குத் திறமை இல்லையா? ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்தார்கள். அங்கே சுற்றிச் சண்டை போட எரிபொருள் இல்லை. கப்பலின் பாய்மர உயரத்துக்குத் தாழ்ந்து பறந்து குண்டு போட்டார்கள். அவர்களைப் பற்றித் தாழ்வாகப் பேசுகிறவர் யாராயிருந்தாலும் நான் விடமாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். நம் ஊர்ப்பக்கத்துச் சங்கதியைக் கடைசியில் வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நம் விமானப்படைக்கும் மிராமர் மாதிரி ஒரு பள்ளி உண்டு. 1971-இல் தொடங்கியது, இப்போது குவாலியரில் இருக்கிறது. கோவை சூலூரில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானங்கள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானிகள் சூலூருக்கே வந்து நம்மவர்களோடு பயிற்சி செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பயிற்சிச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: 2016-இலேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகிவிட்டார்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் எடுத்த பெண்கள் இப்போது என்.டி.ஏ., அதாவது முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வே எழுதலாம். ஆத்தூர், ஓமலூர், வாழப்பாடிப் பள்ளி ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.