வில்லாவில் ஒரு காம்பரா

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, எனக்குப் படிப்பித்த ஆசிரியர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து இப்போதே போனைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

என்னை அறிமுகம் செய்த ஐயா, "நமது பகுதியிலிருந்து கடல் கடந்து போன முதல் தலைமுறை" என்று பெருமையாகச் சொன்னார். சபையில் வைத்து ஐயாவை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்: இந்த மண்டபத்தில் கடல் கடக்காத குடும்பத்துப் பிள்ளை யார் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நம் ஆட்களை இங்கே கூட்டிவந்த, 1823இல் தொடங்கிய கதை இது. 2023இல் இருநூறு வருடம் ஆயிற்று என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தே போனார்களே, உங்களில் சிலரும் போயிருப்பீர்கள். என் பூட்டி இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாமில் அடைபட்டு, ஊசி போட்டு, நோய் இல்லை என்று சீட்டு வாங்கிக் கப்பல் ஏறியவர். நான் கட்டாரின் டோஹாவில் இறங்கியதும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பத்து விரலிலும் ரேகை எடுத்தார்கள். பூட்டி இருந்த முகாமில் ஏசி இல்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அப்புறம் 1964இல், நம்மை யார் வைத்துக்கொள்வது என்று இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று இரண்டு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டியின் தங்கச்சி அந்தப் பக்கக் கணக்கில் விழுந்து தமிழ்நாட்டுக் கூடலூர் போனார். அங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரி. இங்கேயே இருந்துவிட்ட என் பாட்டிக்கு டவுனில் பெயர் இந்தியாக்காரி. ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை, இரண்டு பேருமே வெளிநாட்டுக்காரர்கள்! அதனால் கட்டாருக்குப் போகும்போது நான் புதிதாக ஒரு வேலைக்குப் போவதாக நினைக்கவில்லை. முன் அனுபவம் மூன்று தலைமுறை.

சரி, வீட்டுக்கு வருகிறேன். எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தங்குவதற்கு வில்லாவில் இடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா சொன்ன செய்தி தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் போய்விட்டது. "என் மக வில்லாவில இருக்கப் போறா." கோயில் தலைவரே வந்து, திருவிழாவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய்ப் பார்த்தால் வில்லாதான். வெளியே பெரிய கேட், இரண்டு பேரீச்ச மரம், பளிங்குப் படி. உள்ளே போனதும் ஜிப்சம் பலகையால் தடுத்துத் தடுத்து, ஒரு வில்லாவை எட்டு வீடாக ஆக்கி வைத்திருந்தார்கள். நகராட்சி அனுமதி இல்லாமல் அப்படித் தடுக்கக்கூடாது என்று அங்கே சட்டம் உண்டு, பிடித்தால் இடித்தும் விடுவார்கள். அது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எனக்குக் கிடைத்த அறையைக் கண்ணாலேயே அளந்தேன். நமக்கு அளவு பழக்கம்தானே? 10க்கு 12 அடி. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் காம்பராவை, அதாவது அறையை, அச்சுப் பிசகாமல் யாரோ விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

என்னோடு வந்த மற்றப் பெண்கள் அன்று இரவு அழுதார்கள். ஒருவர் கொச்சியில் சொந்த வீட்டிலிருந்து வந்தவர், இன்னொருவர் மணிலா. பக்கத்து அறையில் இருப்பவர் இருமினால் நம் காதில் கேட்கிறது, இதில் எப்படித் தூங்குவது என்று கேட்டார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். கோடிக் காம்பராவில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்கச் சோறு இறங்கும் ஊரில் வளர்ந்தவள் நான். மறுநாள் காலையில் நாலு அறைக்கு அங்கால் யாருடைய கல்யாணம் எதனால் நின்றுபோனது என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேசியது மலையாளம். அது ஒரு தடையே இல்லை.

ஆனால் அந்த வில்லாவின் வாசலில் ஒரு பொருள் இருந்தது. அதை வைத்து நான் சிரிக்க மாட்டேன். ஒரு நீலத் தகடு. வலய எண், வீதி எண், கட்டட எண் என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். டோஹாவில் எந்தக் கட்டடத்துக்கும் அது உண்டு. 2020இல், குடியிருக்கும் ஒவ்வொருவரும் தன் முகவரியைப் பதிந்தே ஆக வேண்டும் என்ற சட்டத்தையும் நடைமுறைப்படுத்தினார்கள். அதாவது, பதியாமல் இருந்தால் தண்டம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. நமக்கு விலாசம் என்றால் தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே கிடக்கும். மாரியாயி என்ற பெயரில் லயத்துக்கு ஒருவர் இருப்பார், அதனால் கடிதம் ஊர் சுற்றும். நேர்முகத் தேர்வு முடிந்து அடுத்த வாரம் அதற்கான அழைப்புக் கடிதம் கையில் கிடைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், தலையாட்டுவது தெரிகிறது. இருநூறு வருடம் இருந்த ஊரில் கிடைக்காத வீட்டு எண், இரண்டு வருட விசாவில் போன ஊரில், வாங்காவிட்டால் தண்டம் என்று மிரட்டிக் கொடுக்கப்படுகிறது! அந்தத் தகட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இது என்ன பஸ் நம்பரா?" என்று கேட்டார்.

வெயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் வளைகுடா போனதையே நம்ப மாட்டீர்கள். கோடையில் 40 பாகைக்கு மேல். ஆனால் நான் வியர்வையில் கஷ்டப்பட்டதைவிடக் குளிரில் கஷ்டப்பட்டதுதான் அதிகம். ஆபீஸ் ஏசியை நுவரெலியாவின் தை மாதத்துக்கு வைத்திருப்பார்கள். "பாலைவனத்துக்குப் போறவளுக்கு சுவெட்டர் எதுக்கு?" என்று சித்தி பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டதை, அங்கே காசு கொடுத்து வாங்கினேன்.

குழாய் இன்னொரு அதிசயம். தண்ணீர்த் தாங்கி மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும். ஆகவே ஆடி ஆவணியில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி ஊற்றும் பதத்தில் கொதித்து வரும். பழையவர்கள் ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள்: ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். ஹீட்டர் வீட்டுக்குள்ளே, நிழலில் இருப்பதால் அதற்குள் இருக்கும் தண்ணீர் ஆறிவிடும். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பச்சைத்தண்ணீரில் குளிக்கலாம். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணியில் பல் கிட்டக் குளித்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

ஊர் தட்டை. அதுவும் ஒரு சிரமம். நாம் வழி சொல்வது மேலே, கீழே என்றுதானே? மேல் லயம், கீழ் லயம், மேலே ஏறினால் கோயில், கீழே இறங்கினால் கடை. டோஹாவில் ஏறவும் இடமில்லை, இறங்கவும் இடமில்லை. முதல் மாதம் டாக்சிக்காரரிடம் "கொஞ்சம் மேலே போய் நிறுத்துங்கள்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. கட்டாரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு என்பது வேலைத் தொடக்கம், நமக்குத் திங்கள் இருக்கிற மாதிரி. இங்கே ஞாயிறு ஒன்பது மணிக்குத் தலை முழுகி, கறி வாங்கி அடுப்பில் வைத்துவிட்டு, சொந்தக்காரர் எல்லாரும் ஓய்வாக எனக்குப் போன் போடுவார்கள். அங்கே அப்போது ஆறரை. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். எடுக்காவிட்டால், "காசு வந்ததும் மாறிட்டா." எடுத்துச் சுருக்கமாகப் பேசினாலும் அதே தீர்ப்புத்தான்.

எங்கள் அத்தை எண்பதுகளில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அவர் கசெட் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்புவார். லயமே கூடி உட்கார்ந்து கேட்டு, மறுபக்கத்தில் எல்லாரும் பேசி, ஆடு குட்டி போட்டதுவரை பதிந்து திருப்பி அனுப்புவோம். போய் வர ஒரு மாதம் ஆகும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏசி ஆபீசில் உட்கார்ந்திருந்த நான் இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறேன். அத்தை பேசியிருந்தால் இவ்வளவு சிரிப்பு வந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அங்கே எந்த ஊர் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதே தனி உத்தியோகம். சென்னைக்காரர் கேட்பார். "ஸ்ரீலங்கா" என்பேன். "யாழ்ப்பாணமா? ஆனா நீங்க எங்க மாதிரியே பேசுறீங்களே!" என்பார். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ஆறு மாதம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்கள் இந்தியாவில எவடம்?" என்று கேட்டார். கடைசியில் நான் பாஸ்போர்ட்டைக் காட்டிய ஒரே ஆள் ஒரு சிங்கள டிரைவர் அண்ணன். அவர் பார்க்கவே இல்லை. "ஹட்டனா! நான் பத்தனைச் சந்தி!" என்றார். அன்றிலிருந்து அவர் வேனில் எனக்கு முன் சீட்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் குடிமக்கள் சிறுபான்மை, மற்ற எல்லாரும் வந்தவர்கள். பிறந்ததிலிருந்து "வந்தவர்கள்" என்று கேட்டே வளர்ந்த எனக்கு, ஒரு பஸ் முழுக்க வந்தவர்களாக இருந்தது ஒரு சுகம். யாரும் யாரையும் எப்போது போகப்போகிறாய் என்று கேட்பதில்லை. விசாவிலேயே தேதி போட்டிருக்கிறதே.

வேலை மாறலாம் என்று நினைத்தபோதுதான் என் தாத்தா நினைவுக்கு வந்தார். கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்தால்தான் வேறு இடத்துக்குப் போகலாம் என்றார்கள். என்.ஓ.சி. என்பார்கள். தாத்தா தன் அப்பா காலத்துத் துண்டு முறையைப் பற்றிச் சொல்லுவார். தொழிலாளியின் கடனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைப்பார்கள். அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டம் எடுக்காது, எடுக்கிற தோட்டம் கடனைக் கட்டி ஆளை வாங்க வேண்டும். இலங்கையில் அதை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கட்டாரில் இந்தக் கடித நிபந்தனையை எடுத்தது 2020இல். தொண்ணூற்றொன்பது வருடம்! மனிதவளப் பிரிவு மேலாளரிடம், "ஐயா, இதை எங்கள் கங்காணி முன்பே செய்துவிட்டார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் ஆனதால் சொல்லவில்லை.

தேயிலையைப் பற்றிக் கேட்பீர்கள். டோஹாவில் ஊரே குடிப்பது கரக். பால், ஏலக்காய், சீனி போட்டு, இலையின் கதி என்னவானது என்றே தெரியாத அளவுக்குக் காய்ச்சுவார்கள். நன்றாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் சிங்கம் வாளேந்திய பெட்டியைக் கண்டேன். அந்தச் சின்னம் போட வேண்டுமானால் முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்க வேண்டும். வாங்கி ஊற்றிக் குடித்தேன். அம்மா இத்தனை வருடம் ஆய்ந்தது இதுதானா என்று அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது. வீட்டில் நாங்கள் குடித்தது தோட்டத்தில் கொடுக்கும் தூள்.

திரும்பி வரும்போது பெட்டி கட்டுவது பெரிய கலை, அதற்கு இன்னொரு கூட்டம் போடுங்கள். ஒன்று மட்டும்: பாலைவனத்திலிருந்து நம் ஆட்கள் கொண்டுவரும் முதல் பொருள் கம்பளி. புலி படம் போட்டது, நாலு கிலோ பாரம். விமான நிலையத்தில் கம்பளியைச் சுமந்துகொண்டு நிற்பவர் பதுளைக்கோ நானுஓயாவுக்கோ போகிறவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

போகப்போகும் தம்பி தங்கச்சிகளே, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது கட்டாரிலும் சட்டப்படி கூடாது, கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது கேள்வி நேரமாம். ஐயா பத்து நிமிடம் தந்திருக்கிறார். "உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா" என்ற கேள்வி மட்டும் இருந்தால் வெளியே தேத்தண்ணி கொடுக்கும் இடத்தில் வரிசையாக வாருங்கள். கோயில் தலைவர் முதலிலேயே நிற்கிறார், அவரை முதலில் பார்த்துவிடுகிறேன்.