‘ஸ்டேர்வே டு ஹெவன்’ இறங்குது, ‘காஷ்மீர்’ ஏறுது

[திரையில்: ரெண்டு ஆல்பம் அட்டைகள் பக்கத்துல பக்கத்துல]

பிரிட்டிஷ் ராக் குழு லெட் ஜெப்பலினோட ரசிகர்கள் ரெண்டு பேர் ஒண்ணா உக்காந்தா இந்த வாக்குவாதம் வராம இருக்காது. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பெருசா, ‘காஷ்மீர்’ பெருசா? முதல் பாட்டு 1971 நவம்பர்ல வந்த நாலாவது ஆல்பத்துல இருக்கு. அடுத்தது 1975 பிப்ரவரியில வந்த ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’யில. ரெண்டுமே எட்டு நிமிஷத்தைத் தாண்டுற பாட்டு. ஒண்ணு மென்மை, ஒண்ணு முரடுன்னு பிரிச்சுப் பேசறது வழக்கம். கிடாரைக் கையில எடுத்தா வேற ஒண்ணு தெரியும். குழுவோட கிடார் கலைஞர் ஜிம்மி பேஜ் ரெண்டுலயும் ஒரே உத்தியைத்தான் பிடிச்சிருக்கார். திசை மட்டும்தான் வேற.

[திரையில்: கிடார் கழுத்து, குளோஸ்-அப்]

முதல்ல ‘ஸ்டேர்வே’. ஐந்தாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகப் பட்டை) ஏ மைனர் கார்டு. கம்பிகளை மெல்லிசுலேர்ந்து எண்ணணும், முதல் கம்பிதான் ரொம்ப மெல்லிசு. ஆள்காட்டி விரல் அஞ்சுல படுக்கட்டும், நாலாவது கம்பியில ஏழாவது ஃப்ரெட்டை மோதிர விரல் பிடிக்கட்டும். இப்ப அந்த நாலாவது கம்பியை மட்டும் கவனிங்க. ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணு. அதாவது ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப். ஒவ்வொரு ஃப்ரெட்டா கீழ வருது. அதே நேரம் முதல் கம்பியில அஞ்சு, ஏழு, எட்டு: ஏ, பி, சி. மேல் சுரம் ஏறுது, கீழ் சுரம் இறங்குது, நடுவுல ரெண்டு கம்பி அப்படியே நிக்குது. கதவு ரெண்டு பக்கமும் மெல்லத் திறக்கற மாதிரி இருக்கே, அது இதனாலதான்.

இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. கட்டை விரலும் மோதிர விரலும் கீழ் சுரத்தையும் மேல் சுரத்தையும் ஒரே சமயத்துல கிள்ளணும். பிக்கை வெச்சு மேலேர்ந்து கீழ இழுத்தா ரெண்டும் முன்னபின்ன விழும், திறக்கற உணர்வு போயிடும். ரெண்டாவது பிடியில நடுவிரல் ஆறாவது ஃப்ரெட், சுண்டு விரல் ஏழாவது ஃப்ரெட். சுண்டு விரலை நீட்டும்போது ஆள்காட்டி விரல் தூக்கிக்கும், நடுக் கம்பிகள் செத்துப் போகும். மேல், கீழ் சுரங்களை விட்டுட்டு நடுக் கம்பி ரெண்டை மட்டும் தனியா மீட்டிப் பாருங்க. அது சுத்தமா ஒலிச்சா மத்தது தானா வரும்.

இப்படி மைனர்ல ஒவ்வொரு ஃப்ரெட்டா இறங்கற வரிசை பேஜோட கண்டுபிடிப்பு இல்ல. நூற்றாண்டுக் கணக்கா ஐரோப்பிய இசையில இருக்கு. ஸ்பிரிட்ங்கற குழுவோட ‘டாரஸ்’ பாட்டுலேர்ந்து எடுத்ததுன்னு 2014ல வழக்கு வந்துச்சு. 2016ல அப்படி எடுக்கலைன்னு ஜூரி சொல்லி, 2020 மார்ச்ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிடுச்சு. வரிசை பொதுச் சொத்து. அதுக்கு மேல என்ன கட்டறோம்ங்கறதுதான் கேள்வி.

[திரையில்: டியூனர். கம்பிகளோட பேர் ஒவ்வொண்ணா மாறுது]

இப்ப ‘காஷ்மீர்’. இதுக்கு டியூனிங்கையே மாத்தணும். தடிச்ச கம்பியிலேர்ந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி. வழக்கமான டியூனிங்லேர்ந்து மூணு கம்பியை மட்டும் ரெண்டு ஃப்ரெட் அளவுக்கு இறக்கினா போதும்: ஆறாவது இ-யிலேர்ந்து டி, ரெண்டாவது பி-யிலேர்ந்து ஏ, முதல் கம்பி இ-யிலேர்ந்து டி. இறக்கும்போது டி-யில நிறுத்தாதீங்க. கொஞ்சம் கீழ போய்ட்டு, அங்கேர்ந்து மேல ஏத்தி நிறுத்துங்க. இல்லன்னா ட்யூனிங் சாவியில இருக்கற தளர்ச்சியால ரெண்டு நிமிஷத்துல சுரம் கீழ வழுக்கிடும். மூணு கம்பி தளர்ந்ததும் கழுத்து மேல இருக்கற இழுவை குறையும், தொடாத மூணு கம்பியும் லேசா ஏறிடும். அதனால ஆறையும் ரெண்டாவது சுத்து சரி பார்க்கணும். ஒன்பது கேஜ் (மெல்லிய கம்பி) செட்னா ஆறாவது கம்பி தொளதொளன்னு ஃப்ரெட்ல மோதும். பத்தோ பதினொண்ணோ போடுங்க.

இப்ப டி கம்பிகள் தம்பூரா மாதிரி ஓடிக்கிட்டே இருக்க, மேல ஒரே ஒரு சுரம் நகருது: ஏ, பி ஃப்ளாட், பி, சி. ஒவ்வொரு ஃப்ரெட்டா ஏறுது. ‘ஸ்டேர்வே’ எந்த ஏ-யிலேர்ந்து இறங்குச்சோ, அதே ஏ-யிலேர்ந்துதான் இது ஏறுது!

இந்த டியூனிங்கைப் பரப்பினவர் டேவி கிரஹாம்ங்கற பிரிட்டிஷ் கிடார் கலைஞர். 1960களோட தொடக்கத்துல மொராக்கோ போனப்ப அங்கத்த இசையோட சேர்ந்து வாசிக்க இதைப் பிடிச்சார். பாட்டு வரிகளும் மொராக்கோதான். 1973ல தெற்கு மொராக்கோவுல பாலைவனத்து நடுவுல ஓடற சாலையில காரோட்டிட்டுப் போனப்பதான் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு வரிகள் பிறந்துச்சு. அந்தப் பாட்டு வந்தப்ப குழுவுல யாருமே காஷ்மீரைப் பார்த்ததில்ல.

[திரையில்: வலது கை, இடது கை. தனித்தனி எண்ணிக்கை]

ரசிகர்கள் கோட்டை விடற இடம் தாளம். கிடார் மூணு மூணா போகுது, டிரம்ஸ் வாசிக்கற ஜான் பான்ஹம் நாலு நாலா அடிக்கிறார். நம்ம சொல்கட்டுல சொன்னா, கிடார் ‘தகிட’, டிரம்ஸ் ‘தகதிமி’. நாலு ‘தகிட’யும் மூணு ‘தகதிமி’யும் பன்னிரண்டுல சேருது. கால்ல நாலைத் தட்டிக்கிட்டே வாயால ‘தகிட’ சொல்லுங்க. பன்னிரண்டுல ரெண்டும் ஒண்ணா விழற இடம் வரும், பாருங்க, அதுதான் இந்தப் பாட்டோட மூச்சு. கிடார் வாசிக்கறவங்க தன்னையறியாம டிரம்ஸோட நாலுக்கு ஒத்துப் போயி, ரிஃப்ல (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு) ஒரு அடியைக் கூட்டிடுவாங்க. அப்ப பாட்டு சாதாரண மார்ச் ஆயிடும்.

பான்ஹம் இங்க பெரிய வித்தை எதுவும் காட்டல. அதுதான் பெரிய விஷயம்னு நான் நினைக்கறேன். எட்டு நிமிஷமும் அசையாம நின்னாதான் மேல ஓடற மூணு தெரியும். ஹெட்ஃபோன்ல ஹை-ஹேட்டை (டிரம்ஸோட ஜோடித் தாளத் தட்டு) கேளுங்க, சுழன்று சுழன்று வரும். டிரம்ஸ் ஒலியை ஈவன்டைட் ஃபேசர்ங்கற ஒலி மாத்தற கருவி வழியா அனுப்பியிருக்காங்க. குழுவோட நாலாவது ஆள் ஜான் பால் ஜோன்ஸ் மெல்லட்ரான் (பதிவான ஒலிகளை வாசிக்கற கீபோர்டு) வாசிக்க, நிஜமான வயலின், பித்தளைக் கருவிக் கலைஞர்களும் கூடச் சேர்ந்தாங்க.

‘ஸ்டேர்வே’ல அதே பான்ஹம் சுமார் 4 நிமிஷம் 18 விநாடி வரைக்கும் சும்மா இருக்கார்! அதுவரை கிடார், குரல், ஜோன்ஸோட ரெக்கார்டர் குழல். டிரம்ஸ் நுழைஞ்சதும் வேகமும் கூட ஆரம்பிக்குது. மத்தவங்க பாட்டுக்குக் கூலிக்கு வாசிச்ச காலத்துலயே பேஜுக்கு வேகம் கூடறது குற்றம்னு தெரியும். இங்க வேணும்னே மீறினார். சோலோ 1959 டெலிகாஸ்டர் கிடார்ல, ஏ மைனர், ஜி, எஃப் மேல. வெறும் பென்டாடோனிக்கை (அஞ்சு சுர வரிசை) ஓட்டினா அந்தச் சாயல் வராது. எஃப் கார்டு வரும்போது எஃப் சுரத்தைத் தொட்டாதான் அழுகை வரும். மேடையில ரெண்டு கழுத்து கிப்சன் கிடார் எதுக்குன்னா, மேல் கழுத்து பன்னிரண்டு கம்பி, கீழ் கழுத்து ஆறு கம்பி. பாட்டு நடுவுல கிடார் மாத்த நேரம் கிடையாது.

கட்டுமானத்துல ‘ஸ்டேர்வே’ ஒரு படி மேல. எந்தப் பகுதியையும் இடம் மாத்தவே முடியாது. ஆனா நாலு பேரும் ஒரே நேரத்துல முழுசா வேலை செய்யற பாட்டு ‘காஷ்மீர்’தான், அதனால என் ஓட்டு அதுக்கு. 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கத்துல ரெண்டையும் வாசிச்சாங்க. ‘ஸ்டேர்வே’ நடுவுல வந்துச்சு, பிரதான நிகழ்ச்சியை முடிச்சது ‘காஷ்மீர்’.

[திரையில்: ரெண்டு பாட்டோட கடைசி முப்பது விநாடி, ஒலி அலையா]

ரெண்டு முடிவையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ‘ஸ்டேர்வே’ல எல்லாக் கருவியும் நின்னு, பிளான்ட் குரல் மட்டும் ஒரு வரி பாடி முடிக்குது. ‘காஷ்மீர்’ல யாரும் நிறுத்தல. ஒலியை மெல்லக் குறைச்சுக்கிட்டே போறாங்க, மூணும் நாலும் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு.