மின்விசிறிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் படலம்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்விசிறியை ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லையென்றால் பலர் முதலில் ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள். பெரும்பாலும் பழுது, மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து விசிறி சுழல உதவும் சின்னப் பெட்டியான கண்டன்சரில்தான் இருக்கும்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருப்பது பாலிப்ரொப்பிலீன் படலம். தடிமன் சுமார் 6 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் துத்தநாகமும் அலுமினியமும் சில பத்து நானோமீட்டர் கனத்துக்கு வெற்றிடத்தில் படிய வைக்கப்படுகின்றன. உலோகம் இவ்வளவு மெல்லிசாக இருப்பதற்குக் காரணம் உண்டு. படலத்தில் பலவீனமான இடத்தைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாயும்போது, அந்தப் பொறியின் சூட்டில் துளையைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிவிடும். பழுதான புள்ளி துண்டிக்கப்பட, மற்ற பகுதி வேலையைத் தொடரும். உலோகம் கனமாக இருந்தால் ஷார்ட்தான்.

ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் பரப்பு பறிபோகிறது. ஈரம் புகுந்தால் துத்தநாகம் அரித்து இழப்பு இன்னும் கூடும். இப்படியே கண்டன்சரின் கொள்ளளவு 2.5 மைக்ரோஃபாரடிலிருந்து 1.8க்கு இறங்கும்போது, விசிறி சுழல உதவும் துணைக் காயிலில் போகும் மின்னோட்டம் குறைந்து விசிறி தளர்கிறது. வெயில் ஏறிய கான்கிரீட் கூரையை ஒட்டிய கிண்ணத்துக்குள் கண்டன்சர் இருந்தால் ஆயுள் இன்னும் குறைவு.

ஒரு பொருள் எவ்வளவு மின்னூட்டம் சேர்க்க உதவும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி, பாலிப்ரொப்பிலீனுக்கு வெறும் 2.2. பாலிவினைலிடின் ஃபுளோரைடு என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 10. அதைப் போட்டால் பெட்டி சிறுக்குமே? சிறுக்கும், கூடவே சுடும். மூலக்கூறில் உள்ள மின் இருமுனைகள், அதாவது ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கொண்ட பகுதிகள், மின்புலத்தோடு திரும்புவதால்தான் அந்த 10 கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்தில் புலம் நொடிக்கு 100 முறை திசை மாறும். இருமுனைகள் ஒவ்வொரு முறையும் பின்தங்க, அந்த இழப்பு வெப்பமாகிறது. இப்படி வீணாவதைக் காட்டும் இழப்புக் காரணி பாலிப்ரொப்பிலீனில் 0.0002 அளவுதான், மற்றதில் பல பத்து மடங்கு. விசிறிக்கு ஆகாத இதே குணம் வேறிடத்தில் பொன்னானது. பாலிவினைலிடின் ஃபுளோரைடு படலத்தை இழுத்து நீட்டி, உயர்ந்த மின்புலத்தில் இருமுனைகளை ஒருமுகப்படுத்தினால், அழுத்தும்போது மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் அசையும். ஜப்பானியரான கவாய் 1969இல் இதை வெளியிட்டார்.

சோதிப்பது எளிது. மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். பிறகு இரு முனைகளுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம், 2 வாட் மின்தடையைச் சில நொடி வைத்து மின்னூட்டத்தை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். திடீர் மின்னோட்டம், படலத்தின் ஓரத்தில் உலோகம் தெளித்துப் பிடித்த இணைப்பைப் பிய்த்துவிடும். ஒரு வயரைக் கழற்றியபின் மல்டிமீட்டரில் அளவு பாருங்கள். 5 சதவீதம் கூடக் குறைய அனுமதிக்கும் 2.5 மைக்ரோஃபாரட் வகையென்றால் 2.38க்கும் 2.62க்கும் இடையில் வர வேண்டும். 2.2க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். அளவு சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் பேரிங்கையோ காயிலையோ பாருங்கள். இரவில் மட்டும் தளர்ந்தால் அது லோ வோல்டேஜ்.

புதிது வாங்கும்போது 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும். காயிலோடு சேர்ந்து இயங்கும்போது கண்டன்சருக்குக் குறுக்கே 230ஐத் தாண்டியே மின்னழுத்தம் வரும். வேகம் கூடுமே என்று 2.5க்குப் பதில் 3.15 போடச் சொல்வார்கள், போடாதீர்கள். காற்று சற்றுக் கூடினாலும் துணைக் காயில் சூடேறிக் கருகும். மின்னணுச் சுற்றால் ஓடும் பிஎல்டிசி விசிறி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் இந்தக் கண்டன்சரே கிடையாது.